பின்கயிறு

முதல் இரவில் எஸ்தர் அடிகளை எண்ணினாள். ஒரு நிமிஷத்துக்கு நாற்பத்தொன்று. அடுத்த நிமிஷம் முப்பத்தெட்டு. அதற்கடுத்த நிமிஷம் ஒன்றுமே இல்லை. அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஒழுங்கா அடிச்சாக்கூட தூங்கிரலாம் அத்தான். இது நின்னு நின்னு அடிக்கு. அடுத்தது எப்ப வரும்னு காது காத்துக் கெடக்கு."

பவனா அணையின் நீர்த்தேக்கத்தில், பதினெட்டு அடி நீளப் படகு ஒன்றின் சின்ன அறைக்குள் நாங்கள் படுத்திருந்தோம். பைபர் படகு. இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்க ஒரு பலகை, தலைக்கு மேல் கைக்கெட்டும் உயரத்தில் கூரை, பக்கத்துக்கு ஒரு கண்ணாடிச் சன்னல். ஈரக் கையால் கன்னத்தில் அறைவது போல எங்கள் தலைமாட்டுக்குக் கீழே தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. பளக். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பளக், பளக். பைபர் உடம்பு அதை வாங்கி மத்தளம் போல இரட்டிப்பாக்கித் தந்தது.

இரண்டு மணிக்கு எஸ்தர் எழுந்து உட்கார்ந்தாள். "ரஃபீக்குக்கு போன் போடுங்க. வீட்டுக்குப் போவோம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

என் மனைவி எஸ்தரின் வேலையே சத்தம்தான். சாகணில் ஒரு கார் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தாள். காரில் கேட்கக்கூடாத ஒரு சத்தம் கேட்டால் அது எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அங்கேயே அதை நிறுத்த வேண்டும். அதற்கென்று அந்தக் கூடத்தில் என்னென்னவோ கருவிகள் இருந்தன. எஸ்தர் கையில் எப்போதும் இருந்தது ஒன்றரை அடி நீள ஸ்க்ரூடிரைவர். அதன் நுனியை இரும்பில் ஊன்றி, மஞ்சள் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். பழைய மெக்கானிக்குகள் இன்ஜினைக் கேட்கிற முறை அது.

ஒருமுறை ஒரு புது மாடல் காரில் கிரீச்சென்று ஒரு சத்தம். எட்டு இன்ஜினியர்கள் மூன்று வாரம் தேடினார்கள். இவள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தொழிற்சாலைக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, இறங்கிப் போய் நம்பர் பிளேட்டின் இடது ஆணியை முறுக்கினாளாம். சத்தம் போய்விட்டது. இதை என்னிடம் சொன்னவர் ரஃபீக். அவள் தன் பெருமையைச் சொல்லிக்கொள்கிறவள் இல்லை.

முகமது ரஃபீக் அவளுடைய கூடத்தில் டெக்னீஷியன். தாத்தா காலத்தில் ஆம்பூரிலிருந்து வந்து ஏரவாடாவில் குடியேறிய குடும்பம். எஸ்தர் தமிழில் பேசுவதற்குத் தொழிற்சாலையில் இருந்த ஒரே ஆள். அவருடைய தமிழில் பாதி இந்தி இருக்கும், எஸ்தருடைய தமிழில் முழுக்க எங்கள் ஊர் நாசரேத் இருக்கும். ஆனாலும் இருவரும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்ள அது போதுமானதாக இருந்தது.

படகை வாங்கியதும் அவர்கள் இருவரும்தான். கரையில் கூடாரம் போட்டு ஆட்களைத் தங்கவைக்கிற ஒரு விடுதி மூடப்பட்டபோது படகு விலைக்கு வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. எஸ்தருக்கும் தெரியாது. "கடலுக்குப் பத்து மைல்ல பொறந்துட்டு நீச்சல் தெரியல, படகு ஒண்ணுதான் கொறச்சல்" என்றேன். "நீந்தத் தெரியாதவனுக்குத்தான படகு வேணும்?" என்றாள். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா சுற்றினோம். அதில் இரவு தங்கியதில்லை.

படகை நிறுத்திய விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மலைக்குள் ஒரு விரல் போலப் புகுந்திருக்கும் தண்ணீரில்தான் அதற்கு இடம். ஒரு பக்கம் திறந்த ஏரி, மறுபக்கம் பள்ளத்தாக்கு. சிமெண்ட் நிரப்பிய இரண்டு இரும்பு டிரம்களை ரஃபீக் தண்ணீருக்குள் இறக்கினார். ஒன்றிலிருந்து படகின் மூக்குக்கு ஒரு கயிறு. இன்னொன்றிலிருந்து வாலுக்கு ஒரு கயிறு. மூக்கு ஏரியைப் பார்த்திருக்க வேண்டும், வால் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

காரணம், அவர்கள் தொழிற்சாலையில் வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் நிறுத்த வேண்டும். தீப்பிடித்தால் உடனே கிளம்புவதற்கு வசதியாக முகம் வெளியே பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. மாற்றி நிறுத்தினால் மெமோ வரும். ரஃபீக் இடுப்பளவு தண்ணீரில் நின்று கொண்டு செக்யூரிட்டியைப் போலக் கையை ஆட்டி, "ஆனே தோ மேடம், ஆனே தோ... பஸ்!" என்று, வரட்டும் வரட்டும் போதும் என்பதை இந்தியில் கத்தியதும், எஸ்தர் படகைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்ததும் நேற்று நடந்தது போல இருக்கிறது. நான் கரையில் நின்று கை தட்டினேன்.

அப்படி இரண்டு வருஷம் போன பிறகு, ஒரு செப்டம்பரில் அவளுக்கு நோய் என்று தெரிந்தது. நோயைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. அதற்கு டிசம்பரில் கொடுக்க ஆரம்பித்த மருந்து அவளுடைய தூக்கத்தைக் கொண்டுபோய்விட்டது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். தேஹு ரோட்டில், நான் வேலை பார்க்கும் டெப்போவுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. முன்னால் நெடுஞ்சாலை. இருபது வருஷம் அவள் அதற்குள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு சத்தமும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது.

"இது கண்டெய்னர். பின்னால இடது சக்கரத்துல பேரிங் போவப்போவுது."

"தூங்கு எஸ்தர்."

"இந்த லோக்கல்ல மூணாவது பெட்டி சக்கரம் சப்பை ஆயிருக்கு. கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"குடுத்து வச்சவுக."

தூக்க மாத்திரை ஒன்றரை மணி நேரம் தூக்கம் தந்தது. பிறகு நாள் முழுக்கத் தலைப் பாரம். பதினோரு வாரம் இப்படிப் போனது. பிப்ரவரி கடைசியில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். பன்னிரண்டு நாள் இருந்தது. மருத்துவமனையிலிருந்து வரும் வழியில் ஆட்டோவில் அவள் சொன்னாள்: "வலி கெடக்கட்டும் அத்தான். அறுக்குததுக்கு முன்னாடி ஒரே ஒரு ராத்திரி முழுசாத் தூங்கிரணும். தூங்காத உடம்பக் கொண்டுபோயி அவுக கையில குடுக்கதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு."

அதை எங்கே தேடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் "படகு" என்றாள். வாரநாளில் பவனாவில் கூடாரக்காரர்களின் பாட்டுச் சத்தம் இருக்காது. லாரி இல்லை, ரயில் இல்லை, நாய் இல்லை. தண்ணீர் மட்டும்தான்.

அந்தத் தண்ணீர்தான் முதல் இரவில் எங்களை வீட்டுக்குத் துரத்தியது.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் எஸ்தர் மறுபடி படகில் இருந்தாள். தோல்வி அவளுக்கு ஏதோ ஒரு பழைய தெம்பைக் கொடுத்திருந்தது. ரஃபீக் லீவு போட்டுவிட்டு டெம்போவில் சாமானோடு வந்தார். கார் கதவுக்குள் ஒட்டுகிற கறுப்புத் தார்த் தகடுகள், ஜிம்மில் விரிக்கிற ரப்பர் பாய்கள், கை தண்டிக்கு ஒரு தேங்காய்நார் வடம்.

எஸ்தர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரைப் படகின் உடம்பில் சாண் சாணாக நகர்த்திக் காது கொடுத்தாள். சாக்பீஸால் வட்டம் போட்டாள். வட்டம் போட்ட இடங்களில் ரஃபீக் தகட்டைச் சூடு காட்டி ஒட்டினார். படுக்கைப் பலகைக்குக் கீழே ரப்பர் பாய் போனது. வெளியே, தண்ணீர் தொடுகிற கோட்டில், படகைச் சுற்றி வடத்தைக் கட்டினோம். அலை நாரில் பட்டுச் செத்துவிடும் என்பது கணக்கு.

சாயங்காலம் நாலு மணிக்கு அவள் போனில் சத்தத்தை அளந்தாள். காலையில் ஐம்பத்தெட்டு டெசிபல் காட்டியது. இப்போது நாற்பத்தொன்று. ஏரியிலிருந்து நல்ல காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், இப்போ ஒரு ஹாத்தி வந்து உதைச்சாலும் உள்ள கேக்காது. ஏக்தம் சைலண்ட்" என்றார் ரஃபீக்.

"யானைக்கு நீச்சல் தெரியும் ரஃபீக். வந்தாலும் வரும்."

"வந்தா மூக்கு வெளியே பாத்து நிக்கச் சொல்லுங்க. ரூல் ரூல்தான்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே பலகையில் சாய்ந்தவள் பத்து நிமிஷம் கண்ணயர்ந்தாள். நானும் ரஃபீக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றோம். அந்தப் பத்து நிமிஷத்தை வைத்து நான் பெரிய கோட்டையே கட்டிவிட்டேன்.

கை கழுவுவதற்கென்று ஒரு பிளாஸ்டிக் மக்கைச் சணலில் கட்டிப் பக்கவாட்டுக் கம்பியில் தொங்கவிட்டிருந்தோம். அது தண்ணீரில் மிதந்து வால் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நான் ஒவ்வொரு தடவையும் படகின் பின்பக்கம் வரை குனிந்து, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதைத் துழாவி எடுப்பேன். கண் விழித்த எஸ்தர் அதைப் பார்த்து, "சணல இழுத்தா வரும். முழுகப்போறவரு மாதிரி எதுக்கு இந்த வித்த?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

கரையில் சாப்பிட்ட பிறகு ரஃபீக் எங்களைச் சின்ன ஓடத்தில் கொண்டுவந்து படகில் விட்டுவிட்டு, டெம்போவுக்குள் படுக்கப் போனார். எஸ்தர் ஜெபம் செய்தாள். வழக்கமாக ஊரிலுள்ள எல்லோருக்கும் ஒரு வரி இருக்கும். அன்று "தூக்கம் தாரும்" என்று ஒரு வரிதான்.

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தோம். அமைதியாக இருந்தது. பத்தேகாலுக்குக் காற்று சுத்தமாக நின்றது. பதினொன்றுக்கு ஒரு பளக்.

அப்புறம் இன்னொன்று.

முதல் இரவைவிட அது மோசம். மற்ற சத்தங்களையெல்லாம் தகடும் பாயும் விழுங்கிவிட்டதால் ஒவ்வொரு அடியும் தனியாக, துடைத்து வைத்தது போல வந்து விழுந்தது. எஸ்தர் எண்ணவில்லை. இருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவள் அப்படிக் கிடப்பதைவிட எண்ணுவது மேல்.

"வீட்டுக்குப் போயிரலாம்" என்றேன்.

"போயி? லாரி எண்ணவா?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? என்னால தண்ணியப் போயி அடிக்காதன்னு சொல்ல முடியுமா?"

"உங்கள யாரு சொல்லச் சொன்னா? இது என் வேல. பகல்ல இல்லாத சத்தம் ராத்திரி எங்கருந்து வருது? அதே படகு, அதே தண்ணி. நான் என்னமோ ஒண்ணப் பாக்கல. இருவத்திரண்டு வருஷம் சோறு போட்ட காது, எனக்குன்னு ஒரு ராத்திரி கேட்டா கைய விரிக்கு."

நான் வெளியே வந்தேன். அவளுக்கு மாத்திரை நேரம். பாட்டில் தண்ணீரை ஊற்றுவதற்கு முன்னால் கையைக் கழுவலாம் என்று, பழக்கத்தில் பின்பக்கம் போய்க் குனிந்தேன். மக் அங்கே இல்லை. சணல் அறுந்துவிட்டதோ என்று டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மக் முன்பக்கம் மூக்கை நோக்கிச் சணலை இழுத்துக்கொண்டு, கயிறு கட்டிய கன்றுக்குட்டி போல நின்றது.

உள்ளே வந்து, சண்டையை மாற்றுவதற்காக ஏதாவது பேச வேண்டுமே என்று, அதைத்தான் சொன்னேன். "மக்கு இப்ப முன்னால போயிக் கெடக்கு. நீ பாத்தா சிரிப்ப."

எஸ்தர் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னிய? திரும்பச் சொல்லுங்க."

"மக்கு..."

"சாயங்காலம் எங்ஙன கெடந்துச்சு?"

"வால் பக்கம். நான் குனிஞ்சு எடுத்தேன்லா? நீதான கேலி பண்ணுன."

பளக் என்று ஒரு அடி விழுந்தது. அதைக் கேட்டு அவள் முகம் மாறுவதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பயந்த முகம் மெல்ல வேலை பார்க்கிற முகமாக ஆனது. அந்த முகத்தைப் பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"காத்து திரும்பிட்டு அத்தான்" என்றாள். "பகல்ல ஏரியிலருந்து மலைக்குப் போவுது. ராத்திரி மலை குளுந்துட்டுன்னா அங்கருந்து எறங்கி ஏரிக்கு வருது. மூஞ்சில படாத காத்து. ஆனா தண்ணிக்குத் தெரியுது. பகல்ல தண்ணி மூக்குல வந்து படுது. மூக்கு கூரு, கிழிச்சிட்டுப் போயிரும். ராத்திரி வாலுல வந்து படுது. வாலு சப்பட்டை. அதுக்கடியில ஒரு சாண் குழி வேற. அறையாம என்ன செய்யும்? நான் பகல் பூராவும் மூக்கக் கேட்டு மூக்குக்கே மருந்து போட்டிருக்கேன்."

"அப்ப படகத் திருப்பிக் கட்டணுமா?"

"திருப்பிக் கட்டினா பகல்ல அறையும்." அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "எங்க கூடத்துல காரை நாலு பக்கமும் சங்கிலி போட்டுக் கட்டித்தான் அளப்போம். அசையக்கூடாது, அசைஞ்சா அளவு தப்பு. அந்தப் புத்தியிலதான் இதையும் ரெண்டு பக்கமும் கட்டிப்போட்டேன். ரூலுன்னு ஒரு மண்ணு. பின்கயித்த அவுத்து விடுங்க."

"என்னது?"

"முன்கயிறு ஒண்ணு போதும். காத்து எங்கருந்து வந்தாலும் அதுவே மூக்கத் திருப்பிக்கிடும்."

இரண்டு கயிறு இருக்கும்போதே அந்தத் தண்ணீரில் எனக்குத் தூக்கம் வராது. சுற்றிலும் இருட்டு. கீழே எத்தனை அடி என்று தெரியாது. "காலையில ரஃபீக் வந்து அவுக்கட்டும்" என்றேன்.

"காலையில தூங்கி என்ன செய்ய? எனக்கு ராத்திரி வேணும்." அவள் எழுந்தாள். மருந்து ஏற்றுவதற்காகக் கையில் ஒரு குழாய் பொருத்தியிருந்தார்கள். அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது. "நீங்க இருங்க. நான் போறேன்."

"ஏட்டி, உக்காரு" என்றேன்.

லைப் ஜாக்கெட்டின் எல்லா வார்களையும் மாட்டிக்கொண்டு பின்தளத்தில் தவழ்ந்து போனேன். எஸ்தர் வாசலில் உட்கார்ந்து ஒரு கையால் டார்ச்சையும் மறு கையால் என் ஜாக்கெட்டின் வாரையும் பிடித்துக்கொண்டாள். நான் விழுந்தால் அவளும்தான் விழுவாள். அதைச் சொன்னேன். "விழுந்தாத்தான?" என்றாள்.

செப்டம்பருக்குப் பிறகு யாரும் அவிழ்க்காத முடிச்சு, பனியிலும் வெயிலிலும் இறுகிக் கல்லாகியிருந்தது. விரல் நுழையவில்லை. எஸ்தர் எதையோ நீட்டினாள். ஸ்க்ரூடிரைவர். அதன் நுனியை முடிச்சுக்குள் விட்டு நெம்பினேன். என் முகத்துக்கு ஒரு முழத்துக்குக் கீழே தண்ணீர் பலகையை அறைந்துகொண்டே இருந்தது. முதலில் ஒரு இழை தளர்ந்தது. பிறகு ஒரு சுற்று. கடைசிச் சுற்று தானாகவே உருவிக்கொண்டு கையிலிருந்து போனது. கயிறு தண்ணீரில் விழுந்து சத்தமில்லாமல் கீழே இறங்கியது. தவழ்ந்தபடியே பின்னால் வந்து எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு எதிரே இருந்த மலை நகர்ந்தது. முதலில் என் தலைதான் சுற்றுகிறது என்று நினைத்தேன். அந்த மலையுச்சியில் இருக்கும் துங் கோட்டையின் கூம்பு நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு இடது பக்கம் போனது. அக்கரையில் இருந்த ஒற்றை விளக்கு எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு வந்து, படகின் பக்கவாட்டைக் கடந்து, கண்ணுக்கு நேரே நின்றது. வானம் முழுவதும் எங்கள் தலைக்கு மேல் ஒரு பெரிய தட்டு போலச் சுழன்றது. இன்ஜின் இல்லை, துடுப்பு இல்லை, யாரும் தொடவில்லை. ஒன்றரை டன் எடையுள்ள அந்தப் படகு, தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பது போல, அவ்வளவு சாவகாசமாக, யாரையும் கேட்காமல் திரும்பியது. கன்னத்தில் உணர முடியாத ஒரு காற்று இதைச் செய்கிறது என்பதை இன்றுகூட என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. என் தோளைப் பிடித்திருந்த எஸ்தரின் கை இறுகியிருந்தது. அவளும் வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றும் கயிறும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று சற்று முன்பு விளக்கியவள் அவள்தான். ஆனாலும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகு திரும்பத் திரும்ப அடிகள் குறைந்தன. பளக். ரொம்ப நேரம் கழித்து, சின்னதாக ஒன்று. படகு பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றதும், முன்கயிறு ஒருமுறை முனகி நிமிர்ந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

அமைதி என்ற சொல்லை நான் நிறையப் படித்திருக்கிறேன். அதைக் கேட்டது அன்றுதான். காதுக்குள் ஏதோ ஒரு கதவு திறந்து, அதற்கப்பால் மைல் கணக்கில் வெறும் வெளி இருப்பது போல. அக்கரையில் ஒரு பறவை சிறகை உதறியது எங்கள் கூரையில் கேட்டது.

எஸ்தர் உள்ளே போய் ஸ்க்ரூடிரைவரைப் படகின் உடம்பில் ஊன்றிக் காதை வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கைப்பிடியை என் காதுக்குப் பின்னால் வைத்து அழுத்தினாள். முன்னால், தூரத்தில், யாரோ மெல்லிய துணியைக் கிழித்துக்கொண்டே இருந்தார்கள். கிழிந்து முடியாத துணி.

"மூக்கு தண்ணியக் கிழிக்குத சத்தம்" என்றாள்.

"அதையும் நிப்பாட்டணுமா?"

"அது இருக்கட்டும். ஒரு சத்தமும் இல்லாத வண்டிய ஓட்டுதவன் நம்பமாட்டான். கதவத் தெறந்து எறங்கிப் பாப்பான்." படுத்துக்கொண்டாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்து விட்டேன். "நாளைக்கு ரஃபீக்கிட்டச் சொல்லணும். அந்த ரூலு கரையில உள்ளதுக்குத்தான்... தண்ணியில..." என்றாள்.

மீதியைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். தூங்கிவிட்டாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

நான் தூங்கவில்லை. தூங்கத் தோன்றவில்லை. சன்னலில் நட்சத்திரங்கள் ஒரு விரற்கடை இப்படிப் போய் ஒரு விரற்கடை அப்படி வந்தன. படகு காற்றை மோந்து மோந்து தன்னைச் சரிசெய்துகொண்டிருந்தது.

மூன்று மணி இருக்கும். எனக்குத் திடீரென்று பயம் பிடித்தது. அறைக்குள் எந்தச் சத்தமும் இல்லை. எஸ்தருடைய மூச்சும் கேட்கவில்லை. பதினோரு வாரமாக அவள் புரளுவதையும் பெருமூச்சு விடுவதையும் கேட்டே பழகியவன் நான். அவள் நன்றாகத் தூங்கினால் எப்படியிருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. குனிந்து பார்த்தேன். இருட்டில் போர்வை அசைகிறதா என்று தெரியவில்லை. தொட்டுப் பார்க்கக் கை போனது. தொட்டால் விழித்துவிடுவாள். இந்த ஒரு ராத்திரியை நானே கலைத்துவிடுவேன். டார்ச் போட்டாலும் அதேதான். கையை அவள் தோளுக்கு ஒரு சாண் மேலே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவர் நினைவு வந்தது. அவள் தலையணைக்குப் பக்கத்தில், படுக்கைப் பலகையின் ஓரத்தில் நுனியை மெதுவாக ஊன்றினேன். மண்டியிட்டுக் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன், அவள் செய்வது போல.

முதலில் அந்தத் துணி கிழிகிற சத்தம். அதற்கு மேலே, பெரிதாக, மிகப் பெரிதாக, பலகை ஏறி இறங்கியது. அவள் மூச்சு இழுக்கும்போது மரம் ஒரு சின்ன முனகலோடு விரிந்தது. விடும்போது அடங்கியது. நடுவில் நீண்ட இடைவெளி. அவ்வளவு நீண்ட இடைவெளி விட்டு ஒரு மனுஷி மூச்சு விட முடியும் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் அடியில், தரைக்குக் கீழே யாரோ நடப்பது போல ஒரு துடிப்பு. டப்-டப். டப்-டப். அது அவளுடையதா என்னுடையதா என்று குழம்பி என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். என்னுடையது தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது நிதானமாக இருந்தது. அவளுடையதுதான். பலகை வழியாக, இரும்பு வழியாக, என் எலும்புக்குள் வந்து அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அவளுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று படம் படமாக எடுத்து எங்களுக்குக் காட்டியிருந்தார்கள். ஒரு படத்திலும் இது இல்லை.

முழங்கால் மரத்துப்போகும் வரை கேட்டேன்.

விடியும் நேரத்தில் மலைக்காற்று ஓய்ந்தது. ஆறரைக்கு மேல் ஏரிக்காற்று எழும்பியது. படகு மறுபடி அதே சாவகாசத்தோடு திரும்பி ஏரியைப் பார்த்தது. வெயில் ஒரு சன்னலில் புகுந்து, எஸ்தரின் காலிலிருந்து முகம் வரை நடந்து, மறு சன்னல் வழியாக வெளியே போனது. அவள் விழிக்கவில்லை.

வெளியே எட்டிப் பார்த்தேன். ரஃபீக் கரையில் கையில் டீயோடு நின்றிருந்தார். பின்கயிறு இல்லாததைப் பார்த்துவிட்டார். இரண்டு கைகளையும் விரித்து "க்யா ஹுவா, என்ன ஆச்சு?" என்பது போல ஆட்டினார். நான் உதட்டில் விரலை வைத்து, பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினேன். புரிந்துகொண்ட அந்த மனுஷர் மெதுவாகக் குந்தி, டீ தம்ளரைக் கல்லின் மேல் சத்தமில்லாமல் வைத்தார். நாற்பது அடி தூரத்தில், திறந்த வெளியில், டீ தம்ளரை. அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணைக்கூடக் கையைக் காட்டி வேறு வழியாகப் போகச் சொன்னார்.

ஒன்பதேகாலுக்கு எஸ்தர் கண் திறந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

"மணி என்ன?"

"ஒம்பதே கால்."

"பொய்."

போனைக் காட்டினேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒம்பதரை மணி நேரம்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க தூங்கலையா? ராத்திரி பூரா என்ன செஞ்சிய?"

"சும்மா இருந்தேன்."

"சத்தம் ஏதும் கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அதற்குள் ரஃபீக் ஓடத்தில் வந்து சேர்ந்துவிட்டார். "மேடம், வண்டி ராங் பார்க்கிங். மெமோ வரும்" என்று கத்தினார். "உங்க ரூல எடுத்துட்டுப் போங்க" என்று இவள் கத்தினாள். பசிக்கிறது என்றாள். அவள் அப்படிச் சொல்லியும் வெகுநாள் ஆகியிருந்தது. காம்ஷேத் சந்தியில் வண்டியை நிறுத்தி மூன்று வடாபாவ் தின்றாள்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் இன்னும் ஐந்து இரவுகள் படகில் தூங்கினாள். குறித்த நாளில் குறித்தபடி நடந்தது. ஆகஸ்டில், பவனா நிரம்பி மதகைத் திறந்த வாரத்தில் இறந்துபோனாள். அந்த ஐந்து மாதங்களை எழுதுவதானால் வேறு மாதிரி எழுத வேண்டும்.

படகு அதே இடத்தில்தான் இருக்கிறது. போன வாரம் ரஃபீக் போன் செய்தார். மழைக்காலம் வருகிறது, பின்கயிற்றையும் கட்டிவிடலாமா சார் என்றார். வேண்டாம் என்றேன். முன்கயிற்றை மட்டும் புதிதாக மாற்றச் சொன்னேன். பெரிய காற்று வந்தாலும் திரும்பிக்கொள்ளும்.

ஒன்பதேகாலுக்கு அவள் கேட்டபோது நான் உண்மையைச் சொல்லவில்லை. கேட்ட சத்தத்தைச் சொல்ல ஆரம்பித்தால், மூன்று மணிக்கு எனக்கு வந்த பயத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒரே ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. நன்றாகத் தூங்கும்போது அவளுடைய சத்தம் எப்படி இருக்கும் என்பது. அதை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் கேட்டு வாங்கி, சிரித்துவிட்டு, எந்த எடத்துல ஊனுனிய என்றுதான் முதலில் கேட்டிருப்பாள்.

தலையணைக்கு வலப்பக்கம், எஸ்தர். பலகையின் ஓரத்தில், இரண்டாவது ஆணிக்கு மேலே.